காத்திருந்து வாசித்தல்: நீண்ட இணையச் சித்திரக்கதைகள் பற்றி

தொடராக வாசிப்பது எங்களுக்குப் புதிய பழக்கம் இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைக் கிழமைக்குக் கிழமை எழுதிய காலத்தில், இதழ் எப்போது வரும் என்று பார்த்திருந்தவர்கள் இலங்கையிலும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் காத்திருந்தது ஒரு அத்தியாயத்துக்காக. அத்தியாயம் என்றால் அதற்குள் ஒரு தொடக்கம் இருக்கும், ஒரு சம்பவம் இருக்கும், கடைசியில் ஒரு கொக்கியும் இருக்கும். ஒரு கிழமைக்கு அது தாங்கும். நான் இங்கே எழுதப்போவது அதைவிடச் சின்னத் துண்டுக்காக, அதைவிட நீண்ட காலம் காத்திருந்து வாசிப்பதைப் பற்றி.

இணையச் சித்திரக்கதை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் வரும். சில நாள் அந்தப் பக்கத்தில் பேச்சே இராது. பனிக்குள் ஒரு வண்டி நிற்கும், தூரத்தில் ஒரு உடைந்த கட்டடம் தெரியும், அவ்வளவுதான். பார்த்து முடிக்க அரை நிமிஷம் போதும். பிறகு இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இப்படிப் பத்து வருஷம், பதினைந்து வருஷம், இருபது வருஷம். கதை தொடங்கிய ஆண்டில் பிறந்த பிள்ளை ஓ.எல். எழுதி முடித்திருக்கும், கதைக்குள் ஒரு மாரிகாலம் கழிந்திராது.

விமர்சனம் எழுதுகிற நாங்கள் எப்போதும் முடிந்த நூலையே கையில் எடுக்கிறோம். எங்களுடைய அளவுகோல்களும் அதற்கு ஏற்றவைதான்: கட்டுக்கோப்பு எப்படி, பாத்திர வார்ப்பு எப்படி, முடிவு பொருத்தமா. பத்து வருஷம் பக்கம் பக்கமாக வந்த ஒன்றை இந்தக் கோல்களால் அளந்தால் பாதிதான் அகப்படும். காத்திருந்த நாட்களும் அந்தப் படைப்பின் ஒரு பகுதி என்பது என் கருத்து. ஆசிரியர் வரைவது பக்கத்தை மட்டுமல்ல, இரண்டு பக்கத்துக்கு நடுவில் கிடக்கும் இடைவெளியையும்தான். அந்த இடைவெளியை நல்லபடியாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதை வாசகன் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரிச் பேர்லியூ என்ற அமெரிக்கர் வரையும் ‘த ஓர்டர் ஒஃப் த ஸ்டிக்’ 2003 செப்டெம்பரில் தொடங்கியது. குச்சிக் கையும் குச்சிக் காலும் வட்டத் தலையுமாக ஆறு பேர். ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டின் விதிகளை வைத்துப் பகிடி பண்ணுவதற்கென்று வந்த கதை அது. முதல் நூறு பக்கத்தை இன்று பார்த்தால் அந்த விளையாட்டு தெரியாதவருக்குச் சிரிப்பே வராது. நான் பல இடங்களில் சும்மா தாண்டிப் போனேன். ஆனால் மெல்ல மெல்ல அந்தக் குச்சி மனிதர்களுக்குத் தகப்பன்மார் வந்தார்கள், பழைய தவறுகள் வந்தன, செய்த கொலைகளுக்குக் கணக்கு வந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல் போன பிறகும் முகங்கள் வட்டமும் இரண்டு புள்ளியும்தான். அந்த இரண்டு புள்ளிக்குள் ஒரு தகப்பனின் வெட்கத்தைக் கொண்டுவர முடியும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்தக் கதையில் குறி சொல்லும் ஒரு பாத்திரம் உண்டு. குழுவில் பெல்கர் என்றொருவன், குள்ளன், கொலைகாரன், பெரிய குழப்படிக்காரன். இந்த ஆண்டு முடியுமுன் அவன் கடைசி மூச்சை விடுவான் என்று அந்தக் குறிகாரன் சொல்லிவிடுகிறான். அது 2008 அளவில் வந்த பக்கம். கதைக்குள் ஒரு வருஷம் என்பது எங்களுக்குப் பதினைந்து வருஷமாகியும் முடியவில்லை. இதற்கிடையில் பெல்கர் திருந்த ஆரம்பித்துவிட்டான். ஒரு பூனையில் பாசம் வைக்கிறான், கூட்டாளிக்காக அழுகிறான். 2008இல் ‘செத்தால் நல்லது’ என்று இருந்த வாசகர், இன்று ஒவ்வொரு சண்டைப் பக்கத்தையும் நெஞ்சுப் படபடப்போடு திறக்கிறார். முழுவதையும் ஒரு கிழமைக்குள் வாசிக்கிறவருக்கும் பெல்கர் திருந்துவது விளங்கும். ஆனால் தன்னுடைய மனமும் அதே வேகத்தில் மாறியதை அவர் காண மாட்டார். தொடர்ந்து வந்தவருக்கு மட்டும் கிடைக்கிற பொருள் அது.

இதே கதையில் குறி பலித்த இன்னோர் இடமும் உண்டு. ஊரைவிட்டு அனுப்பப்பட்ட டேர்கன் என்ற பூசகன், தான் வீடு திரும்புவது எப்படி என்று கேட்கிறான். இறந்த பிறகு போவாய் என்று பதில் வருகிறது. அவன் சந்தோஷப்படுகிறான், தன் எலும்பாவது சொந்த மண்ணில் அடங்குமே என்று! பல வருஷம் கழித்து அந்தச் சொல் பலித்த விதம் அவன் சந்தோஷப்பட்ட விதமல்ல. அதை நான் சொல்லிவிட்டால் வாசிக்கப் போகிறவருக்குச் செய்யும் துரோகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, வாசகன் அதை மறந்து, மறந்ததையும் மறந்த பிறகு எடுத்துக் காட்டுவதற்கு, ஒரே மூச்சில் எழுதி அச்சிடும் நாவலாசிரியருக்கு வசதி இல்லை.

இனிச் சலிப்பின் பக்கம். பேர்லியூவுக்கு இன்ன நாளில் பக்கம் வரும் என்ற கட்டுப்பாடு இல்லை. வந்தால் வரும். 2012 தொடக்கத்தில், அச்சில் தீர்ந்துபோன தன் புத்தகங்களை மீண்டும் அச்சிடுவதற்காக ‘கிக்ஸ்டார்ட்டர்’ மூலம் வாசகரிடம் 57,750 டொலர் கேட்டார். 14,952 பேர் சேர்ந்து 12 இலட்சத்து 54 ஆயிரத்துச் சொச்சம் டொலரைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் உடைந்த கண்ணாடி வெட்டி அவருடைய வலதுகைப் பெருவிரல் மோசமாகக் காயப்பட்டது. கதை மாதக்கணக்கில் நின்றது. யாரைக் குறைசொல்வது? கை என்பது கைதானே. ஆனால் காசு கொடுத்த ஆக்களின் மனம் சும்மா இருக்குமா? சீதக்காதி வள்ளலும் அபுல் காசிம் மரைக்காயரும் உமறுப் புலவருக்குச் செய்ததை இப்போது பதினையாயிரம் பேர் பங்கு போட்டுச் செய்கிறார்கள். ஒரு வள்ளல் என்றால் புலவருக்கு அவர் முகம் தெரியும், கோபமும் தெரியும். பதினையாயிரம் வள்ளல்மாருக்கு ஒரு முகம் கிடையாது. ஒரு சின்னப் பங்கு மட்டும் கொடுத்தவர் தன்னை முழு வள்ளலாகவே நினைத்துக்கொள்கிறார்.

நேரம் தவறாதவர்களும் இருந்தார்கள். ஹவர்ட் டெய்லரின் ‘ஷ்லொக் மேர்சனரி’ 2000 ஜூன் 12இல் தொடங்கி 2020 ஜூலை 24இல் முடியும்வரை ஒரு நாளும் தவறியதில்லை. இருபது வருஷம்! பாராட்டத்தான் வேண்டும், ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் கதையை விட அந்த ஒழுங்குதான் பெரிது. மறுபுறம் 2000 ஓகஸ்டில் தொடங்கிய ‘மெகாடோக்கியோ’, ஒரு காலத்தில் பெயர்போன கதை, மெல்ல மெல்ல இடைவெளி கூடி, வாசகர் தாங்களே கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தது. காத்திருப்பையே கதையாக்கிக் காட்டியவர் ரண்டல் மன்ரோ. அவருடைய ‘எக்ஸ்கேசிடி’யில் 2013 மார்ச் 25இல் ‘டைம்’ என்ற ஒரே ஒரு படம் வந்தது: கடற்கரையில் இரண்டு பேர் மணல் கோட்டை கட்டுகிறார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம், பிறகு மணிக்கு ஒரு தரம் அந்தப் படம் கொஞ்சம் மாறும். நான்கு மாதத்தில் 3,099 படங்கள். தண்ணீர் ஏறுகிறது என்று அவர்களுக்கு விளங்குவதும் எங்களுக்கு விளங்குவதும் ஒரே மெதுவில் நடந்தது.

ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை இவை அல்ல. மின்னா சுன்ட்பேர்க் வரைந்த ‘ஸ்டேண்ட் ஸ்டில், ஸ்டே சைலன்ட்’தான். ‘அசையாமல் நில், பேசாமல் இரு’ என்று பொருள். சுன்ட்பேர்க் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வேர் உள்ளவர். முதலில் பின்லாந்தின் தொன்மங்களை வைத்து ‘அ ரெட்டெய்ல்ஸ் ட்ரீம்’ என்ற நீண்ட கதையொன்றை 2011இல் தொடங்கி 2013இல் முடித்தார். பெரிய வேலைக்கு முன் கை பழக்கிக்கொள்ளத்தான் அது. சொன்னபடி முடித்ததால் வாசகருக்கு அவரில் ஒரு நம்பிக்கை இருந்தது. பின்னால் வந்த கோபத்தை விளங்கிக்கொள்ள இதை மறக்கக் கூடாது. 2013 நவம்பரில் பெரிய கதை ஆரம்பமானது.

ஒரு கொள்ளைநோய் உலகத்தை அழித்துவிட்டது. தொண்ணூறு வருஷம் கழித்து ஐஸ்லாந்து, நோர்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றின் துண்டு துண்டான இடங்களில் மட்டும் மனிதர் வாழ்கிறார்கள். நோய் பிடித்த மனிதரும் மிருகங்களும் சாகாமல் உருச்சிதைந்து, வெளியே ‘மௌன உலகத்தில்’ திரிகின்றன. அந்த உலகத்துக்குள் ஒரு சின்னக் குழு போகிறது. எதற்கு? புத்தகம் எடுக்க. பழைய டென்மார்க்கின் இடிந்த வீடுகளில் அழியாமல் கிடக்கும் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். விற்று லாபம் பார்க்கத்தான் என்றாலும், புத்தகத்துக்காக ஆள் போகிற கதை எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

தமிழ் படித்தவர், படிப்பிக்கிறவர் யாரும் இந்தக் கதையை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் மொழி. குழுவில் ஒவ்வொருவரும் பேசும்போது பேச்சுக் குமிழியில் ஒரு சின்னக் கொடி இருக்கும்: ஸ்வீடன் மொழி, ஐஸ்லாந்து மொழி, பின்னிஷ் என்று. எழுத்து முழுவதும் ஆங்கிலம்தான். ஆனால் அந்தக் கொடியால், யார் பேசுவது யாருக்கு விளங்கும், யாருக்கு விளங்காது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எங்களுக்குத் தெரியும். நோர்வேக்காரி சிக்ருனும் டென்மார்க்கின் மிக்கலும் ஸ்வீடன் பொடியன் எமிலும் ஒருவரை ஒருவர் ஒருவாறு விளங்கிக்கொள்வார்கள். அவை பக்கத்துப் பக்கத்து மொழிகள். லல்லி என்ற இரவுக் காவலாளிக்குப் பின்னிஷ் மட்டுமே தெரியும். அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்பவள் தூரி, அவனுடைய உறவுக்காரப் பிள்ளை. மூன்று மொழி கதைப்பவள். பெட்டிக்குள் ஒளிந்து வந்த ஐஸ்லாந்து இடையன் ரெய்னிருக்கு ஐஸ்லாந்து மொழி மட்டும். கனவில் மட்டும் லல்லியும் ரெய்னிரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்கிறார்கள், விழித்தால் முடிந்தது.

இணையத்தில் மொழிக் குடும்பங்களை ஒரு மரமாக வரைந்த படமொன்று பல வருஷமாகச் சுற்றுகிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒரு கிளையில் இந்தோ-ஐரோப்பிய மொழிகள், மற்றதில் பின்னிஷ் சேர்ந்த யுராலிக் மொழிகள், இலையின் பருமன் பேசுவோர் தொகைக்கு ஏற்றபடி. அது இந்தக் கதையின் ஒரு பக்கம்தான். ஐஸ்லாந்து மொழிக்கும் ஸ்வீடன் மொழிக்கும் உறவு, பின்னிஷ் தனி என்பதை வாசகருக்குக் காட்ட வரைந்தது. திராவிடக் குடும்பம் அதில் இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. நானும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் உடனே கேட்டது தமிழ் எங்கே என்றுதான்.

இனி அந்த மரணம். தூரிக்கு நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. ஒரு தாக்குதலில் அவளுக்குக் காயம்படுகிறது. தொற்றியதா இல்லையா என்று உடனே தெரியாது; நாட்கள் போக வேண்டும். மிக்கல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த நாட்களை நாங்களும் நாட்களாகவே கழித்தோம். கிழமைக்கு நாலு பக்கம் அளவில் வந்துகொண்டிருந்த காலம். ஒரு பக்கத்தில் அவள் தோளைத் தடவுவாள். அது வலியா, சும்மாவா என்று அடுத்த பக்கம் வரும்வரை தெரியாது. அடுத்த பக்கம் வேறு யாரையோ பற்றி வரும். கதையின் காத்திருப்பும் வாசகரின் காத்திருப்பும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று படிவதை வேறு எந்த வடிவத்திலும் நான் கண்டதில்லை. பிறகு அவள் தானே முடிவெடுத்துக் கடலுக்குள் இறங்குகிறாள். பழைய பக்கங்களை ஒரே இரவில் புரட்டுகிறவருக்கு அது இருபது நிமிஷத் துயரம்.

அவள் போனதும் குழு ஒரு பிள்ளையை மட்டும் இழக்கவில்லை, வாயையும் இழந்தது. லல்லி பேசினால் விளங்க ஆளில்லை. எமில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஸ்வீடன் மொழியில் ஏதேதோ சொல்கிறான். இவன் பின்னிஷில் ஏதோ சொல்கிறான். இரண்டும் எங்களுக்கு விளங்குகிறது, அவர்களுக்கு விளங்கவில்லை. அந்தச் சின்னக் கொடிகள் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு அலுவலகத்தில், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்த எங்கள் ஊர் ஆக்களுக்கு அந்தப் பக்கங்களைப் பற்றி விளக்கம் தேவைப்படாது.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. நோய் பரவத் தொடங்கிய நாட்களில் ஐந்து நாட்டுக் குடும்பங்கள் என்ன செய்தன என்று காட்டுவது. முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, செய்தியில் பகிடி விடுகிறார்கள். ஐஸ்லாந்து எல்லையை மூடுகிறது. 2013இல் அதை ஒரு கற்பனையாக வாசித்தோம். 2020இல் ஊரடங்கு நோன்பில், பள்ளிவாசல் மூடி, தராவீஹ் வீட்டில் தொழுத இரவுகளில் அதைத் திரும்ப எடுத்தேன். அதே பக்கங்கள்தான், ஒரு கோடு மாறவில்லை. எங்களுக்கு அந்த நோய் வெறும் நோயாகவும் இருக்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருந்தது. தூரியின் உடல் கடலோடு போனதும், உயிருக்கு வழி காட்ட அவளுடைய ஆக்கள் படும் பாடும் அந்த மாதங்களில் எனக்கு வேறு கதையாகப்பட்டன. டேர்கனின் எலும்பும் அப்படியே. நான் சொல்லவருவது, நீண்ட காலம் ஓடும் கதை வாசகரோடு சேர்ந்து வயதாகிறது என்பது மட்டுமல்ல. நடுவில் நாட்டில் நடப்பதெல்லாம் அதற்குள் புகுந்துவிடுகிறது. ஆசிரியருக்கு அது தெரியவும் தெரியாது.

2021இல் சுன்ட்பேர்க் ‘லவ்லி பீப்பிள்’ என்ற ஒரு சிறு சித்திரக்கதையை வெளியிட்டார். முயல்கள் வாழும் ஒரு நகரம். நடத்தைக்குப் புள்ளி போடும் அரசாங்கம். விசுவாசத்தை விட மறுக்கும் ஒரு முயல். தான் கிறிஸ்தவராகிவிட்டதைப் பற்றி அதன் பின்னுரையில் அவரே எழுதினார். 2022இல் பெரிய கதையை இரண்டாம் பயணத்தோடு முடித்துக்கொண்டார். இன்னும் பல பயணங்கள் வரும் என்று நினைத்திருந்த வாசகர் பலர் கொதித்தார்கள். ஒரு சாரார் அவருடைய மாற்றத்தையே கேலி செய்தார்கள். இன்னொரு சாரார், ஆசிரியரின் சொத்து, ஆசிரியரின் இஷ்டம், வாய் திறக்காதே என்றார்கள்.

எனக்கு இரண்டு பேரோடும் உடன்பாடு இல்லை. ஈமான் வந்த பிறகு ஒருவர் தன் பழைய வேலையை வேறு கண்ணால் பார்ப்பது எங்களுக்கு விளங்காத விஷயமா? முஅல்லகாத் கவிஞரில் ஒருவரான லபீத் இப்னு ரபீஆ, இஸ்லாத்தை ஏற்ற பின் கவிதை சொல்வதை விட்டுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. குர்ஆன் கிடைத்த பிறகு எதற்குக் கவிதை என்று. ஹஸ்ஸான் இப்னு தாபித் விடவில்லை. ரஸூலுல்லாஹ்வின் பக்கம் நின்று அதே கவிதையால் வாதாடினார். இரண்டு பேரும் ஸஹாபாக்கள். ஒருவர் நிறுத்தினார், ஒருவர் தொடர்ந்தார். ஆகவே சுன்ட்பேர்க் நிறுத்தியதைப் பற்றி எனக்கு முறைப்பாடில்லை. கேலி செய்தவர்களைப் பற்றித்தான் முறைப்பாடு. அவர்கள் அந்தக் கதையைச் சரியாக வாசிக்கவில்லை.

ஏனென்றால் விசுவாசம் அந்தக் கதைக்குள் முன்பே இருந்தது. முதல் பயணத்தில் ரெய்னிர் ஒரு இடிந்த தேவாலயத்துக்குப் போகிறான். அங்கே ஒரு பெண் போதகர், செத்து ஆவியானவர், இன்னும் தன் சபையை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார். தொண்ணூறு வருஷமாக ஒருவரும் வரவில்லை. நோர்டிக் தெய்வங்களையும் பின்லாந்தின் தெய்வங்களையும் கும்பிடும் புதிய உலகத்துக்கு அவரை யாரென்றே தெரியாது. கடைசியில், சாந்தி கிடைக்காமல் குழுவைத் துரத்திவரும் ஆவிகளுக்கு வழி காட்டி அனுப்புவது அவர்தான். அந்தப் பக்கங்களில் ஒரு வசனம்கூட வாசகரைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணுவதில்லை. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் ஆள் வராத பள்ளியில் தனியே பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு முஅத்தினை நினைத்துக்கொண்டேன். இதை வரையும்போது ஆசிரியர் இன்னும் மார்க்கத்துக்கு வரவில்லை. வந்த பிறகு வரைந்த முயல் கதையில் நல்லவர் நல்லவராகவே இருக்கிறார், கெட்ட அமைப்பு கெட்டதாகவே இருக்கிறது, வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் சமூகத்து நன்னெறிக் கதைகளிலும் இதே நோய் உண்டு. நானும் எத்தனையோ மலர்களில் அவற்றைப் படித்துச் சலித்திருக்கிறேன். நம்பிக்கை குறைந்ததால் கலை வருவதில்லை, கூடியதால் கலை போவதுமில்லை. முயல் கதையின் குறை, அது வாசகரை நம்பாததுதான்.

பெரிய கதையின் இரண்டாம் பயணத்துக்கும் அந்தக் குறை கொஞ்சம் தொற்றியிருக்கிறது. தூரியின் தமையன் ஒன்னியைத் தேடிப் பின்லாந்தின் ஏரிப் பிரதேசத்துக்குள் போகும் பயணம் அது. தொடக்கம் நன்று. நிலக்காட்சிகள் முதல் பயணத்தை விட அழகு. ஆனால் பிற்பகுதியில் கை அவசரப்படுகிறது. முன்பென்றால் பத்துப் பக்கம் மௌனமாக நின்றிருக்கும் ஒரு இடத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டுப் போகிறார். பாத்திரங்கள் நிற்பதற்கு நேரம் கொடுப்பதில்லை. அசையாமல் நில் என்று பெயர் வைத்த கதைக்கு அது பெரிய குறைதான். நிறுத்துவதென்றால் லபீதைப் போல நிறுத்திவிடலாம். தொடர்வதென்றால் கடைசிப் பக்கம்வரை அதே அமானத்தோடு தொடர வேண்டும். நாங்கள் எட்டு வருஷம் கொடுத்தது முடிவுக்காக அல்ல. ஒவ்வொரு பக்கமும் அடுத்தது இருக்கிறது என்ற எண்ணத்தோடு வரையப்பட்டது என்று நம்பித்தான் கொடுத்தோம். அந்த எண்ணம் ஆசிரியரிடம் முடிந்துபோன இடம் பக்கத்தில் தெரிகிறது. விமர்சகருக்குப் பேச உரிமை உள்ள இடம் அதுதான். அவருடைய மார்க்கம் அல்ல.

முடியாத காவியம் எங்களுக்குப் பழக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். சீறாப்புராணம் 5,027 விருத்தங்களோடு, நபிகளாரின் வாழ்வு முழுமையடையுமுன் நின்றுவிடுகிறது. உமறுப் புலவர் விட்ட இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயர் எடுத்துச் ‘சின்னச் சீறா’ பாடினார். இதை ஒருவரும் களவு என்று சொல்லவில்லை. கதை ஒரு புலவருடைய சொத்தாக இருக்கவில்லை, எல்லாருக்கும் உரியதாக இருந்தது. யாப்பும் பொதுவாக இருந்தது. லல்லியும் எமிலும் அப்படியல்ல. பதிப்புரிமை ஒருபுறம், அந்தக் கோடு இன்னொரு கைக்கு வராது என்பது மறுபுறம். ரசிகர்கள் தங்கள் பாட்டுக்குத் தொடர்ச்சி எழுதுகிறார்கள். சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை எழுத்து, படமில்லை. கொடி இல்லாத குமிழியில் லல்லி பேசினால் அது லல்லி இல்லை. தனி ஒருவரின் கையில் மட்டும் தங்கியிருக்கும் காவியம் என்பது இலக்கிய வரலாற்றில் புதுசு. அந்தக் கையில் வெட்டு விழுந்தால், அந்த மனம் திரும்பினால், அதற்கு வாரிசு கிடையாது.

என்னிடம் ஆசிரிய நண்பர்கள் சிலர், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஓர்டர் ஒஃப் த ஸ்டிக்’ என்றால் முதல் நூறு பக்கத்தைப் பொறுமையோடு கடக்கவும். விளையாட்டுப் பகிடி விளங்காவிட்டால் பரவாயில்லை. ‘ஸ்டேண்ட் ஸ்டில், ஸ்டே சைலன்ட்’ என்றால் முன்கதையை விட்டுவிடாதீர்கள். மொழி மரத்தில் சற்று நில்லுங்கள். தூரிக்குக் காயம்பட்ட பக்கத்துக்கு வந்ததும் அன்றைக்கு மூடிவிட்டு, நாளைக்கு ஒரு பக்கம், நாளை மறுநாள் ஒரு பக்கம் என்று போய்ப் பாருங்கள். முதல் பயணம் முடிந்து மிச்சமுள்ளவர்கள் கப்பலேறும் இடத்தில் விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்தவில்லை; இரண்டாம் பயணத்தின் ஏரிப் பக்கங்களுக்காக.